குப்பை டீச்சரின் குழி

எங்கள் வீட்டு ஜன்னலில் திரைச்சீலை கிடையாது. பச்சை, நீலம், காவி என்று கலர் பிளாஸ்டிக் பாட்டில்களின் அடிப்பாகத்தைப் பூப்போல நறுக்கி, நூலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறாள் என் மனைவி. சாயங்கால வெயில் அவற்றுக்குள் புகுந்து வரும்போது சுவரெல்லாம் வெளிச்சப் பொட்டுகள் நீந்தும். சைக்கிள் கடையை மூடிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்து பார்த்தால், குளத்துக்கு அடியில் படுத்திருப்பதுபோல் கண் சொக்கும். அந்தச் சமயத்தில் மட்டும் அவளைத் திட்ட எனக்கு மனசு வராது. மற்ற நேரத்தில் அந்தக் குறையைத் தீர்த்துவிடுவேன்.

பின்னே என்ன? கடையில் ஒரு பழைய டியூபைத் தூக்கிப் போட விடமாட்டாள். சட்டைப் பையில் கசங்கிய காகிதம் இருந்தால் கடத்தல்காரனைப் பிடித்த மாதிரி விசாரிப்பாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் குப்பை டீச்சர். கேள்விப்பட்ட அன்று எனக்கு ரத்தம் கொதித்தது.

"உனக்குக் கொஞ்சமாச்சும் கோபம் வருதா? அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"குப்பைத்தொட்டின்னு," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கிளாஸில் இருப்பதெல்லாம் உன் பிள்ளைகள்தானே என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் அவளுக்குப் பிடிக்காது. "அதுங்களுக்கு அம்மா இருக்காங்க. நான் வெறும் டீச்சர்," என்று வெடுக்கென்று சொல்வாள்.

அவள் பாடம் நடத்துவதே ஒரு தினுசு. காக்கா, சம்பளம் வாங்காத துப்புரவு ஆள். எறும்பு சுமை தூக்கும். மண்புழுதான் சமையல்காரர், நாம் வேண்டாம் என்று தள்ளுவதை எல்லாம் மண்ணாகச் சமைத்துவிடும். மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் மரத்தடியில் மண்ணில் காதை வைத்துப் படுத்துக் கிடப்பார்கள், மண்புழு மெல்லும் சத்தம் கேட்பதற்காக. இலை நிழல் முதுகில் ஆட, பாதிப் பேர் அப்படியே தூங்கிவிடுவார்கள்.

"நிஜமாவே ஏதாவது கேக்குதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்குதுங்கிறாங்க. நான் எதுக்கு இல்லேங்கணும்?"

வருடா வருடம் பள்ளி திறந்ததும் அந்த மரத்தடியில் ஒரு குழி தோண்டுவாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் வேண்டாத ஒரு பொருளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அதில் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்லக் கூடாது, டீச்சரிடம்கூட. மழைக்காலம் முடிந்ததும் குழியைத் திறப்பார்கள். மக்கிப் போனதற்குக் கைதட்டல். மக்காமல் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பார்த்து எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு "அய்யே! அய்யே!" என்று கத்துவார்கள். கத்துகிற ஆசைக்காகவே சில வாலுகள் பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கொண்டுவரும்.

இந்த வருடக் குழியில்தான் வினை வந்தது.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாண்டரியில் வேலை பார்க்கும் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கிளாஸில் 'அணில்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் அப்பா. முன்பல் இரண்டும் கொஞ்சம் நீளம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பள்ளி திறப்பதற்குச் சற்று முன்னால்தான் அந்தப் பிள்ளை தாயை இழந்திருந்தது.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்டுக்காரியோட சீப்பைக் காணோம். பச்சை பிளாஸ்டிக் சீப்பு. அதுலதான் பொண்ணுக்குத் தலை வாருவா. இப்ப வேற சீப்பை எடுத்தாலே புள்ள ஓடிடுது. தலை காக்காக் கூடு மாதிரி கிடக்கு. வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிட்டேன். நீங்க குப்பை கொண்டுவரச் சொன்னீங்களாமே, அதுல போயிருக்குமோன்னு..."

மறுநாள் என் மனைவி அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அவள் பயப்படவே இல்லை. டீச்சரின் காதுக்குள், ரகசியமாக, "முளைக்கப் போட்டிருக்கேன்," என்றாளாம்.

"எதை?"

"அம்மாவை."

எல்லாம் அணில் பாடத்தால் வந்தது. அணில் கொட்டையைப் புதைத்து வைத்துவிட்டு மறந்துவிடும், மறந்துபோனதுதான் முளைக்கும், காட்டில் எத்தனையோ மரங்கள் அணிலின் மறதிதான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இவளுக்கென்ன, அழகாகச் சொல்லிவிட்டாள். அணில் என்றே பெயர் வாங்கிய ஒரு பிள்ளை அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டது.

அன்று சாயங்காலம் சுவரில் வெளிச்சப் பொட்டுகள் மெல்ல மங்கிக்கொண்டிருந்தன. அவள் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே போய் யாருக்கும் தெரியாம சீப்பை எடுத்துடறேன்," என்றேன். "அந்த இடத்துல ஒரு செடியை நட்டுடலாம். குழந்தைதானே, நம்பிடும்."

"நம்பிடும். அதுதான் பயமா இருக்கு. அப்புறம் அந்தச் செடி வாடிப் போச்சுன்னா?"

சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சரி, குழியைத் திறக்காமலே விட்டுடேன்."

"அவ காத்துக்கிட்டே இருப்பாளே," என்றாள். "திறந்தா, கிளாஸே அவங்கம்மா சீப்பைப் பாத்து அய்யேன்னு கத்தும். கத்தக் கத்துக்குடுத்ததே நான்தான்."

குழி திறக்கும் நாள் வந்தது. மண்வெட்டி பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பனி முழுசாக விலகாத காலை. மரத்தின் உச்சி கண்ணுக்கே தெரியவில்லை. அணில் புது கவுன் போட்டு வந்திருந்தாள். யாரை வரவேற்க என்று எனக்குத் தெரியும். கையில் மண்வெட்டி கனத்தது.

மேல் மண்ணைத் தள்ளியதும் மழை வாசனை எழும்பியது. வாழைப்பழத் தோலும் காகிதமும் பருத்தித் துணியும் இருந்த இடம் தெரியவில்லை. எல்லாம் கருகருவென்று ஒரே மண், அதற்குள் மண்புழுக்கள் சோம்பலாக நெளிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் ஆமை வேகத்தில் வெட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பிளாஸ்டிக் மக்கிப் போயிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். யாரும் கத்தாமல் இருந்தால் போதும் என்ற அளவுக்குத்தான் என் மூளை ஓடியது.

சீப்பு வந்தது. கடையில் வாங்கிய அன்று இருந்த அதே பச்சை.

ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "அய்..." என்று ஆரம்பித்தான். என் மனைவி கையை உயர்த்தினாள். மொத்தக் கூட்டமும் கப்சிப்.

அணில் குழிக்குள் இறங்கிக் குந்தினாள். சீப்பின் பற்களுக்கு நடுவே ஒரு மண்புழு வளைந்து கிடந்தது. அதை நோகாமல் விரலால் எடுத்து மண்ணில் விட்டாள். சீப்பு கிடந்த இடத்தில் விரலை விட்டுத் துழாவினாள். வேர், முளை, ஏதாவது. நெடுநேரம் துழாவிவிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் தப்புதான் டீச்சர். மறந்தாத்தான் முளைக்கும்னு சொன்னீங்க. நான் தினம் தினம் மறந்து பாத்தேன். மறக்கவே வரல."

நான் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆம்பளை அழுதான் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அழுதேன்.

என் மனைவி புடவையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மழுப்பவில்லை. "அம்மா முளைக்க மாட்டாங்க கண்ணு. நீ மறந்தாலும் முளைக்க மாட்டாங்க. நான் சொன்னது கொட்டைக்குத்தான்."

அணில் யோசித்தாள். உதடு பிதுங்கியது. பிறகு, "அப்ப மறக்க வேணாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்டா. மறக்கவே வேணாம்."

அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது. தலைமேல் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி, மூச்சு விட்டு விட்டு, என் மனைவியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது.

மற்ற பிள்ளைகளை நான் கிளாஸுக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டுத் திரும்பினேன். சீப்பைக் குழாயடியில் கழுவியிருந்தார்கள். அணில் டீச்சருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பனி கலைந்து, இலைகளின் ஊடே வெயில் பொட்டுப் பொட்டாக இருவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. என் மனைவி சீப்பை உச்சியில் வைத்தாள்.

"அங்கேர்ந்து இல்ல டீச்சர், வலிக்கும். அம்மா நுனியிலேர்ந்துதான் சிக்கெடுப்பாங்க."

"சரிம்மா," என்று நுனியிலிருந்து ஆரம்பித்தாள்.