வாய்மொழித் தேர்வுக்கு ஒரு சாவு

மனப்பாடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு மறுநாள் அப்படியே ஒப்பிப்பாள். அதனால் வீட்டில் வைத்த பெயர் கிளி. மேல்நிலைப் பள்ளியில் மொழிப்பாடமாக அவள் ஸ்பானிஷ் எடுத்தபோது, அது எந்தத் திசையிலிருக்கிற பாஷை என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. "சோறு போடுமாடி?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் சொன்னது அண்ணன்தான். "போடும்மா. நான் கம்பி கட்டறேன், அவ வார்த்தையக் கட்டட்டும்."

அப்பா போன பிறகு வீடு அவன் தோளில்தான் நின்றது. ஊரின் ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியில், கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பி கட்டும் வேலை. கட்டடம் ஏற ஏற அவனும் ஏறினான். மாலையில் அவன் கை கழுவிய வாளியில் துரு கரைந்து தண்ணீர் சிவந்து நிற்கும். அந்த வாளியைக் கிளி ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள்.

கடைசி வருடம் வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எதிரே உட்கார்ந்து குடும்பத்தைப் பற்றி ஸ்பானிஷில் பேச வேண்டும். அவர் குறுக்கே கேள்வி கேட்பார். அதில் நன்றாகச் செய்தால் கல்லூரியில் கட்டணமில்லாத இடம் கிடைக்கும். கிடைத்தால் அண்ணன் உயரத்தை விட்டு இறங்கி, தரையில் ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம். அதற்காகத்தான் அவள் படித்தாள்.

"உண்மையச் சொன்னா மூணு வரியில முடிஞ்சிடும்," என்றார் ஸ்பானிஷ் டீச்சர். "எங்க வீடு சின்னது, எங்க அம்மா நல்லவங்க. அப்புறம்? யாரையாவது சாகடிங்க. துக்கம் இருந்தாத்தான் பேச்சு நீளும். அவர் என்ன, வீட்டுக்கு வந்து சரிபார்க்கவா போறார்?"

வகுப்பு சிரித்தது. ஆளுக்கொரு உறவைத் தீர்த்துக்கட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரி கெட்டிக்காரி. இல்லாத மாமாவைக் கொன்றாள். கிளிக்கு இல்லாத ஆளை நினைக்க வராது. அப்பாவைச் சொல்லிப் பார்த்தாள், முதல் வரியிலேயே குரல் உடைந்தது. உண்மைச் சாவைச் சொல்ல வரவில்லை. ஆனால் மழை, ஈரப் பலகை, உயரம் என்று எடுத்ததும் வாக்கியங்கள் கைகோத்துக்கொண்டு வந்தன. அண்ணனை விழவைத்தாள். டீச்சர் கேட்டுவிட்டு, "இதான் வேணும்," என்றார்.

வீட்டில் சத்தமாக ஒப்பிப்பாள். அம்மா துணி மடித்தபடி தலையாட்டிக் கேட்பாள். அபசகுனமான வார்த்தை வாயில் வந்தால் அறைகிறவள். இதற்கு மட்டும், "பாட்டு மாதிரி இருக்குடி, இன்னொரு தரம் சொல்லு," என்பாள். 'எர்மானோ' என்றால் அண்ணன் என்பது மட்டும் அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"என்னைப் பத்தியா? என்ன சொல்றே?"

"நல்லவன், உசரத்துல வேலை செய்யறான்னு."

"இவ்வளவு நீளமாவா? அப்ப நான் ரொம்ப நல்லவன்தான்!"

அவன் அதோடு விடவில்லை. அவள் பழகுவதற்காகப் பதிவு செய்திருந்ததைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டான். தேர்வுக்கு முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்: "கிளி, உன் பேச்சு மேல வரைக்கும் போயிடுச்சு. டீ நேரத்துல ஸ்பீக்கர்ல போட்டேன். மேஸ்திரி தினமும் போடச் சொல்றார். எல்லாரும் கைதட்டறாங்க."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். விளிம்பில் கால் தொங்கப்போட்டு அவன் உட்கார்ந்திருக்க, அந்தக் காற்றில் அவள் குரல் அவன் செத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவனும் கைதட்டியிருப்பான்.

"அத அழிச்சிடுண்ணா."

"போடி. எல்லார் போன்லயும் இருக்கு."

மறுநாள் தேர்வாளர் கனிவாகத்தான் கேட்டார். வீடு, அம்மா, தெரு எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. பலகை வழுக்கும் இடத்தில் வாய் நின்றுவிட்டது. என் அண்ணன் உயிரோடு இருக்கிறான், என்றாள். நல்லது, அப்புறம், என்றார். இப்போது வேலையில் இருக்கிறான், என்றாள். அப்புறம்? அதற்கு மேல் எதையும் அவள் மனப்பாடம் செய்திருக்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பதையே திரும்பச் சொன்னாள். அவர் தலை குனிந்து எதையோ எழுதினார்.

வேலை முடிந்து நேராகப் பள்ளி வாசலுக்கே வந்திருந்தான் அண்ணன், சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள். அவள் முகத்தைப் பார்த்ததும், "கோட்டை விட்டுட்டியா?" என்றான்.

"இடம் கிடைக்காதுண்ணா."

"கிடைக்காட்டி போகுது. நான் இருக்கேன்ல? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவளால் அடக்க முடியவில்லை. அந்த நீளமான பேச்சில் என்ன இருந்தது என்று தெருவோரம் நின்று சொல்லிவிட்டாள், ஒரு வரி விடாமல். அவன் வாயைப் பிளந்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடிப்பாவி! கூடப் பொறந்தவன்னுகூடப் பார்க்கலியே! எத்தனாவது மாடியிலேர்ந்துடி தள்ளினே?"

"பதினெட்டு. சும்மா, வாயில வந்தது."

சிரிப்பு அவன் முகத்தில் இன்னும் இருந்தது. ஆனால் சத்தம் நின்றுவிட்டது.

"நாங்க பதினேழ முடிச்சிட்டோம்," என்றான். "நாளைக்கு அடுத்ததுக்கு ஏறணும்."