மாட்டு டாக்டரின் வயிற்றெரிச்சல்

மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது சுலபம். மாட்டுக்காரர் நேற்று டி.வி.யில் என்ன பார்த்தார் என்பதைச் சமாளிப்பதுதான் கஷ்டம். கையில் சாணி மணக்கச் சாப்பிட உட்காரும் என் சக கால்நடை மருத்துவர்களே, உங்களுக்குத் தெரியாததா? சினிமாவில் வக்கீல் ஹீரோ, போலீஸ் ஹீரோ, ஆட்டோக்காரர்கூட ஹீரோ. நாம் வந்தால் மாடு உதைக்கும், தியேட்டர் சிரிக்கும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஊர் ஊராகப் போய் வரும் எனக்கு இந்தப் பொறாமை இன்னும் அடங்கவில்லை.

ஒரே ஒரு வசனம்

கீழப்பழுவூரில் ராசாத்தி அக்காவின் பசு, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்றுவிட்டு வயிறு உப்பிக் கிடந்தது. மருந்து ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஏப்பம் விட்டது. "பயப்படாதீங்க, சாயந்திரம் எந்திரிச்சிரும்" என்றேன்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. என்னை ஓரமாக இழுத்துப் போய்க் கிசுகிசுத்தார்: "என்னங்க டாக்டரம்மா, இம்புட்டு சுளுவா சொல்லிப்புட்டீங்க? சொந்தக்காரவங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க. 'இருபத்துநாலு மணி நேரம் கழிச்சுத்தான் எதையும் சொல்ல முடியும்'னு ஒரு தடவ சொல்லுங்களேன்!"

ஆபரேஷன் நேரம்

ஆட்டுக்குக் காய்ச்சல் என்று போன் வந்து, உடையார்பாளையம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பொழுது சாயப் போனேன். குடும்பமே டி.வி. முன்னால். திரையில் ஒரு பெண் டாக்டர். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, விரித்துவிட்ட தலைமுடி, உதட்டுச்சாயம். அந்தக் கோலத்தில் ஒருவரின் நெஞ்சைத் திறந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டு ரத்தம் அவள்மேல் படவில்லை. நானோ காலையில் கழிச்சல் கண்ட எருமையைப் பார்த்த அதே சுடிதாரில் நின்றேன். அவளைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆடு எங்கங்க?" என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா திரும்பாமலே கையமர்த்தினார்: "சத்தம் போடாதீங்க, டாக்டர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருக்காங்க!"

வெள்ளைக் கோட்டு

பொறாமை பொறுக்காமல் நானும் பளீரென்று ஒரு கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போனேன். முதல் மாடு என்னைக் கண்டதும் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. இரண்டாவது, சாணி அப்பிய வாலைக் கோட்டின்மேலேயே சுழற்றியது. உதவியாளர் கலியமூர்த்தி அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி நிதானமாகச் சொன்னார்: "மேடம், மாடெல்லாம் சீரியல் பாக்குறது இல்லீங்க."

திருமழபாடியில்

சின்னப்பொண்ணுவுக்கு இருந்தது ஒரே பசு. கன்று போட முடியாமல் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தது. உள்ளே கன்றின் தலை பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. தோள்வரை கையை விட்டு, கன்றை உள்ளே தள்ளி, தலையை நேராக்கி, பசு முக்கும்போதெல்லாம் கலியமூர்த்தி அண்ணனும் நானும் இழுத்தோம். கை மரத்துப்போனது. ஒருவழியாகக் கன்று வந்து விழுந்தது, மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, நாசிக்குள் வைக்கோலை விட்டுக் கிண்டி, விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சின்னப்பொண்ணு சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

கன்று தும்மியது. பசு எழுந்து வந்து அதை நக்கியது. நான் சாணித் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சின்னப்பொண்ணு என் கையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இதையெல்லாம் டி.வி.யில காட்டுனா யாராச்சும் நம்புவாங்களா?"

ஆகவே சகாக்களே, நம்மை யாரும் படம் எடுக்காததற்குக் காரணம் நம் வேலை நம்பும்படியாக இல்லாததுதான் என்று சொல்லி என் வயிற்றெரிச்சலுக்கு நானே மருந்து ஊற்றிக்கொள்கிறேன்.