கோமதியம்மாவுக்கு வந்தது மாரடைப்பு அல்ல

மேலகரம் டீக்கடைச் சுவரில்தான் அவர் போன சேதி எனக்குக் கிடைத்தது. சாரலில் பசை காயாமல் போஸ்டர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, முகம் தெரியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிக்கிற அந்த முகத்தைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். டீ போடுகிற செல்லையாவிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். விஞ்ஞானி டாக்டர் கோமதி திடீர் மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார் என்று வாசித்தான். எதனால் என்று மறுபடியும் கேட்டேன்.

"மாரடைப்புதான் அண்ணாச்சி. பெருசா போட்டிருக்கே."

செத்ததற்கு அழுவதா, செத்த பிறகு அவர் பேரில் ஒரு பொய்யை ஒட்டியதற்கு அழுவதா என்று தெரியாமல் மழையில் நின்றேன்.

அவரோடு வேலை பார்த்த பிள்ளைகள் அவர் நினைவாக இந்த மலரைப் போடுகிறார்கள். என்னையும் சொல்லச் சொன்னார்கள். ஒரு வார்த்தையும் வெட்டமாட்டோம் என்று அவர்கள் உறுதி சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தேன். நீங்கள் அவரை ஆய்வுக்கூடத்தில் அறிந்தவர்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அறிந்தவன்.

என் மனைவி சண்முகத்தாய்க்கு மார்பில் புற்று வந்திருந்தது. அவளிடம் எல்லாருமாக வெறும் கட்டி என்றே சொல்லி வைத்திருந்தோம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் டாக்டரைத் தனியாகப் பார்த்து, பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சுவோம். அப்புறம்தான் நோயாளியை உள்ளே கூட்டிப்போவோம். ஸ்கேன் படத்தைக்கூட ஜவுளிக்கடைப் பையில் மறைத்துத்தான் கொண்டுபோவோம். அந்த நேரத்தில் கோமதியம்மா வந்தார். ஆபரேஷனில் எடுக்கிற கட்டியில் ஒரு துண்டும் கொஞ்சம் ரத்தமும் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார். என் மகன் முருகேசன் உடனே சரி என்றுவிட்டான்.

"உங்க சம்மதம் போதாது தம்பி. உடம்பு அவங்களுது. என்ன நோயி, நான் எதுக்குக் கேக்கேன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார்.

முருகேசன் சத்தம் போட்டான். பேரைச் சொன்னால் அம்மா அந்த இடத்திலேயே போய்விடுவாள், நீங்களா பொறுப்பு என்றான். உள்ளே கட்டிலில் கிடந்தவளுக்கு அத்தனையும் கேட்டிருக்கிறது.

"ஏலே முருகேசா, அந்தப் பிள்ளைய உள்ள விடு. நீங்க அழுகைய அடக்கிக்கிட்டு இளிக்கத பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயத் தொறந்து பேரச் சொல்லுததுக்கு ஒரு ஆளாவது வரட்டும்."

கோமதியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேரைச் சொன்னார். இதைக் கொடுத்தால் எனக்குக் குணமாகுமா என்று சண்முகத்தாய் கேட்டாள். ஆகாது அக்கா, உங்களுக்கு இதனால் ஒரு பலனும் கிடையாது என்றார். பின்னே யாருக்கு என்றாள் இவள். உங்களுக்குப் பின்னால் வருகிறவளுக்கு என்றார் அவர். சண்முகத்தாய் சிரித்துவிட்டாள். ஒளிக்காமல் சொல்லுகிறாள், எடுத்துக்கொண்டு போகட்டும் என்றாள்.

அதற்குப் பிறகு அவள் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் நடிக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த தங்கையைக் கூப்பிட்டு, நன்றாகச் சண்டை போட்டு, அப்புறம் ராசியானாள். குற்றாலத்தில் மங்குஸ்தான் வந்தால் கேட்டு வாங்கித் தின்றாள். நகையை அவள் கையாலேயே பேத்திகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். சாகப்போவது தெரிந்ததால் அவளுக்குக் கிடைத்தவை இவை. தெரியாமல் போயிருந்தால் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே செத்திருப்பாள்.

பிறகு ஒவ்வொரு குற்றால சீசனுக்கும் கோமதியம்மா ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டார். அந்தத் துண்டை வைத்து என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நான் புளியங்குடியிலிருந்து கேரளாவுக்கு எலுமிச்சை ஏற்றிப் போகிற லாரியில் கிளீனராக இருந்தவன். அதனால் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். உடம்பில் இருக்கிற புரதங்களில் பாதிக்கு மேலே சர்க்கரையைக் கோத்த சங்கிலிகள் ஒட்டிக்கொண்டிருக்குமாம். டீயில் போடுகிற சர்க்கரை அல்ல, உடம்பே செய்துகொள்வது. அந்தச் சங்கிலிகள் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே போர்வை மாதிரி மூடியிருக்குமாம். காவல் நிற்கிற செல்கள் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் நம்ம ஆளா, வேற ஆளா என்று கண்டுகொள்ளுமாம்.

"புத்து பிடிச்ச செல்லு தார்ப்பாய மாத்திக் கட்டிக்கிட்டு வருது அண்ணாச்சி. செக்போஸ்ட்ல நிக்கவன் மேல தடவிப் பாத்துட்டு, நம்ம வண்டிதான்னு விட்டுருதான். அந்தத் தார்ப்பாய் எப்படி மாறுது, மாற ஆரம்பிக்கும்போதே ரத்தத்துல கண்டுபிடிக்க முடியுமா, அதான் என் சோலி."

மருந்து எப்போது வரும் என்று கேட்டேன். என் காலத்தில் வராது, உங்களிடம் எதற்குப் பொய் சொல்ல என்றார்.

அவருக்கு ஊர் செய்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அவள் வந்தால் அந்த நோயின் பேரும் கூட வரும் என்று வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடாமல் விட்டார்கள். அவருக்கு அது வருத்தம்தான். கூப்பிட்டிருந்தால் அங்கேயும் ரத்தம் கேட்டிருப்பேன் என்று சிரித்து மழுப்புவார். சொந்த ஊரில் கிடைத்ததைவிட முன்பின் தெரியாத ஊர்களில் அதிகம் பேர் கொடுத்தார்கள் என்றும் சொன்னார். அப்படிக் கூப்பிடாதவர்கள்தான் படத்திறப்பு அன்றைக்கு மைக்கைப் பிடித்து, ஊருக்குப் பெருமை சேர்த்த மகள் என்று மாறி மாறிப் பேசினார்கள்.

கடைசியில் அவருக்கே வந்தது. சினைப்பையில் புற்று. தெரியவரும்போது முற்றிவிட்டிருந்தது. மேலகரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து படுத்தார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன், அல்சர் என்று சொல்லி, கூடத்திலேயே உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். என் குரல் கேட்டுக் கோமதியம்மாவே கூப்பிட்டதால் நான் உள்ளே போனேன். அன்றைக்குத்தான் அந்த விஷயத்தைச் சொன்னார். அவருடைய அம்மாவும் இதே நோயில்தான் போயிருக்கிறார். அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு வயிற்றுவலி என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இவர் படுத்த பிறகு, வீட்டில் வேறு யாருக்கும் இருந்ததா என்று டாக்டர் துருவிக் கேட்கும்போதுதான் அண்ணன் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இந்த நோயை முதலிலேயே கண்டுபிடிக்க வழி தேடிக்கொண்டே இருந்த மனுஷிக்கு, தன் வயிற்றைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று தெரியாமலே போய்விட்டது.

அண்ணனையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு சொன்னார். குரலில் பலம் இல்லை, கோபம் இருந்தது.

"அம்மைக்கு வந்தத எனக்கு ஒளிச்சீங்க. அது போட்டும். நான் போனா இன்னதுன்னு ஊரறியப் போடணும். பூங்கொடிட்ட கண்டிப்பா சொல்லணும். அவளுக்கு வந்துரும்னு சொல்லல. வரலாம். அவ பாத்துக்கிடணும்."

பூங்கொடி அண்ணன் மகள். செங்கோட்டையில் நல்ல இடத்தில் பேசி நிச்சயம் செய்திருந்தார்கள். அண்ணன் தலையை ஆட்டினார். சரிம்மா என்றார். நான் என் காதால் கேட்டேன்.

அந்த அண்ணன்தான் படத்திறப்பில், தங்கச்சிக்கு இதயம் திடீரென்று நின்றுவிட்டது என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பந்தி நடக்கும்போது அவரை ஒதுக்குப்புறமாகப் பார்த்துக் கேட்டேன்.

"சும்மா இரும்வே. புள்ளைக்கு நிச்சயம் ஆயிருக்கு. அந்த வீட்டுல தெரிஞ்சா முடிஞ்சுது. கல்யாணம் கழியட்டும், நானே சொல்லுதேன்."

கல்யாணம் கழிந்தால் பிள்ளைப்பேறு கழியட்டும் என்பீர்கள், உங்கள் அம்மா விஷயத்திலும் இப்படித்தானே காத்திருந்தீர்கள் என்றேன். எங்கள் வீட்டு விஷயத்தில் உமக்கு என்ன வேலை என்று கேட்டார். அந்தப் பக்கம் பூங்கொடி பாயச வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் எட்டு வைக்குமுன் அண்ணனின் ஆள் ஒருவன் வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

கோமதியம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்குப் படிப்பு இல்லை. அன்றைக்குச் சண்முகத்தாயின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, நோயின் பேரைச் சொன்னாரே, அந்த ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தாயீ பூங்கொடி, அத்தையைப் பற்றிய மலர் என்று இது உன் கைக்கு வரும். உன் அத்தைக்கு வந்தது மாரடைப்பு அல்ல, சினைப்பைப் புற்றுநோய். உன் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கும் அதேதான். இதனால் கல்யாணம் நின்றுபோனால் என் வீட்டு வாசலில் வந்து நின்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் அப்பாவை விட்டுவிடு, அவர் பயந்த மனுஷன். ஆனால் என்னைத் திட்ட வருவதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குப் போய் உன் அத்தைக்கும் ஆச்சிக்கும் இருந்ததைச் சொல்லிப் பரிசோதித்துவிட்டு வா.