உதுப்பான் சேட்டனின் வலது கால்

பெரிய வியாழனன்று, இயேசு பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, எங்கள் பங்குச் சாமியார் ஸ்கரியா அச்சன் கால் கழுவி முத்தமிடுவதற்குப் பன்னிரண்டு கிழவர்களைப் பிடித்து வருவது கோயிலில் மணியடித்துப் பூசைக்கு உதவும் கப்பியாரான என் வேலை. பிள்ளைகள் எல்லாம் கனடாவுக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டதால் எங்கள் ஊரில் கிழவர்களுக்குப் பஞ்சமில்லை. பீடத்துப் படியேறக்கூடிய கிழவர்களுக்குத்தான் பஞ்சம். பாதிப் பேருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது.

உதுப்பான் சேட்டனுக்கும் அதேதான். காலமெல்லாம் ரப்பர் மரத்தடியில் குனிந்து பால் வெட்டியவர். வலி முழங்காலில் தெரிந்ததால் இரண்டு மழைக்காலம் முழங்காலுக்கே தைலம் தேய்த்தார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முழங்கால் நன்றாக இருக்கிறது, தேய்ந்தது வலப்பக்க இடுப்பு என்றார். அத்தனை தைலமும் வீணாய்ப் போனதே என்றுதான் மனுஷர் முதலில் வருத்தப்பட்டார்.

வருஷம் தவறாமல் பன்னிருவரில் ஒருவராக உட்கார்ந்தவர், இந்த முறை வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். கடைசியில் வலது காலை நீட்டிக் காட்டினார். நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. இடுப்பு மடங்காததால் அவர் கை பாதத்துக்கு எட்டாது. வெட்டிவிட்டுக்கொண்டிருந்த மனைவி ஏலிக்குட்டி போன ஓணத்துக்கு முன்பே இறந்துவிட்டாள்.

"இதுக்கா அச்சன் முத்தம் குடுக்கணும்?" என்றார்.

நான் வெட்டிவிடுகிறேன் என்றதற்கு, அவள் தொட்ட காலை நீ தொடாதே என்று இழுத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. ஆனாலும் எனக்கு ஆள் வேண்டுமே.

"வராட்டி போங்க சேட்டா. பதினொரு பேருதான் இருப்பாங்க. வராதவன் யூதாஸுன்னு ஊரே சொல்லும்."

வந்துவிட்டார்.

ஸ்கரியா அச்சனுக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். ஒவ்வொருவர் முன்னாலும் மெல்ல முழந்தாளிட்டுக் கழுவி வந்தார். நான் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். உதுப்பான் சேட்டன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"காலைக் குடு, உதுப்பா."

"வேண்டாம் அச்சோ. நகம் வெட்டிவிட ஆளில்ல."

"எனக்கு மட்டும் யாரு இருக்கா? என் சாக்ஸைக் கழட்டினா நீ எழுந்து ஓடிடுவே."

அச்சன் அந்தக் காலைத் தானே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவினார். துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். உதுப்பான் சேட்டன் வாய்விட்டு அழுதார்.

பிறகு அச்சனால் எழ முடியவில்லை. என் இரண்டு கையிலும் குடம். உதுப்பான் சேட்டன்தான் உட்கார்ந்தபடியே கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"இடுப்பு எந்தப் பக்கம் அச்சோ?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பக்கமும்டா."