சுகுணா சாப்பிட்டு முடிக்கும்வரை

செய்தி வந்த நேரத்தைப் பாருங்கள், சரியாக மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து சுகுணாவின் கணவர் போன் செய்தார். "சுகுணா போயிட்டாம்மா" என்றார். அவரே தொடர்ந்து, "காலையில அரை டம்ளர் கஞ்சி குடிச்சாம்மா. நல்லாத்தான் எறங்குச்சு" என்றார். எட்டு மாதமாக அந்த வீட்டில் அதுதான் சேதி, இன்றைக்கு என்ன இறங்கியது, என்ன இறங்கவில்லை என்பது. சாவைச் சொல்ல வந்த மனிதர் அதையும் சேர்த்தே சொன்னார்.

திருத்தணியில் எங்கள் தாலுகா ஆபீஸுக்கு மனுவோடு வந்தவர்கள் யாரும் அலுவலக உதவியாளர் சுகுணாவை மறந்திருக்க மாட்டார்கள். மனு வாங்கும் நாளில் வாசலில் நின்றுகொண்டு, "ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளிகினு வராதீங்க" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதட்டல்தான். ஆனால் வயதானவர்களைப் பார்த்தால் தன் நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிடுவாள்.

நான் மாற்றலாகி வந்த முதல் நாள் மதியம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றபோது, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பின்பக்க வராந்தாவில் உட்காரவைத்தவள் அவள். மல்லிகா, கீதா, அவள், நான் என்று நாலு பேர். நான் ஆமை மாதிரி சாப்பிடுகிறவள். சுகுணா ஐந்து நிமிஷத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். "போய்க் கழுவிக்கோயேன்" என்றேன். "பக்கத்துல ஒருத்தி பாதியில எழுந்தா உங்களுக்கு எறங்குமாக்கா? கை காஞ்சா காயட்டும்" என்றாள். அன்றிலிருந்து அதுவே எங்கள் நாலு பேருக்கும் சட்டமாகிவிட்டது.

அப்புறம் அவளுடைய உணவுக்குழாயில் கட்டி வந்தது. தண்ணீர்கூட இறங்காமல் போய், சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பை விரித்துப் பிடித்துக்கொள்ளும் வலைக்குழாய் அது. முதல் வாரம் வலி பிய்த்து எடுத்திருக்கிறது. பார்க்கப் போனபோது, "நெஞ்சு மேல யாரோ முட்டி போட்டு உக்காந்துகினு கீறாங்கக்கா, எழுந்துக்கவே மாட்டேங்கறாங்க" என்றாள். வலி மருந்தையும் தண்ணியாகத்தான் கொடுத்தார்கள். மட்டமாகப் படுத்தால் குடித்தது எதிர்த்துக்கொண்டு வரும் என்று, அவள் கணவர் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்திருந்தார். "தூங்கறேனா, சறுக்குமரம் வெளாடறேனான்னே தெரியல" என்று சிரித்தாள். சிரித்ததும் வலித்துவிட்டது, பாவம்.

இரண்டு மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டாள். "வீட்ல இருந்தா அவரு என் தொண்டையவே பாத்துகினு கீறாருக்கா. இங்க வந்தாலாவது நாலு பேரு மூஞ்சியப் பாக்கலாம்." குழைய வடித்து மசித்த ரசம் சோறுதான் அவளுக்கு. ஒரு ஸ்பூன் சோறு, ஒரு வாய் வெந்நீர். நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளிகினு வராதீங்க" என்பாள். சில நாள் சிக்கிக்கொள்ளும். எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், கண்ணில் நீர் முட்டும். சோடாவைத் துளித்துளியாகக் குடித்து, கொஞ்சம் நடந்து, பெரிய ஏப்பம் ஒன்று விட்டுத் திரும்புவாள். "ஆங், போயிட்டாரு. அடுத்த மனு."

இந்த இடத்தில்தான் நாங்கள் மூவரும் ஒரு தப்பு செய்தோம். அவள் ரசம் சோற்றோடு போராடுகையில் எதிரில் உட்கார்ந்து மீன் தின்ன எங்களுக்கு மனசு வரவில்லை. அதனால் அவள் எதிரில் எல்லோரும் தயிர்சோறு, அதற்கு முன்னால் பதினொன்றரைக்கு ரெக்கார்டு ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நிஜச் சாப்பாடு என்று ஏற்பாடு. பத்து நாள் ஓடியது. பதினோராவது நாள் மல்லிகா கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். கருவாட்டை ஒளிக்க முடியுமா? அந்தப் புத்திகூட இல்லை எங்களுக்கு.

கதவைத் திறந்துகொண்டு சுகுணா நின்றாள். எங்கள் கையில் சோறு. "என்னாக்கா, உயிரோட கீறப்பவே என்னைப் பந்தியிலேர்ந்து எழுப்பிட்டீங்களா?" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்லப்போனேன். "துன்ன முடியலன்னு நான் ஒருநாளும் அழலக்கா. நீங்க கதவ சாத்திகினீங்க பாருங்க, அதான் தாங்கல" என்று சொல்லி, அழுதேவிட்டாள். அந்த வலைக்குழாய் வைத்தபோது அழாதவள். என் வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கம் நான் பட்டதில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு அவளே முடிவும் சொன்னாள். "நாளைக்கு நண்டு கொண்டாங்க. வெளிய உக்காந்து துன்னுங்க, நான் மோந்து பாக்கறேன். ஆனா நான் முடிக்கறவரைக்கும் ஒருத்தியும் எழுந்துக்கக் கூடாது." அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் நண்டு மசாலா விரலில் காய்ந்து வெடிக்க, நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஐந்து மாதம் அப்படிச் சாப்பிட்டோம். கடைசி மாதம் கஞ்சியும் சிக்க ஆரம்பித்தது, அவள் வரவில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் காய்ந்த கைதான். இப்போதும் வீட்டில், கல்யாணப் பந்தியில், பக்கத்தில் இருப்பவர் முடிக்காமல் எனக்கு எழ வருவதில்லை.

காரியத்தன்று மூவரும் ஆர்.கே.பேட்டை போயிருந்தோம். அவள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, எட்டு மாதம் அவள் தொட முடியாத வடையையும் கருவாட்டுக் குழம்பையும் கணவர் தன் கையால் பரிமாறியிருந்தார். பந்தியில் அந்த இலை தெரிகிற மாதிரி உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடித்தோம். அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். கை காய்ந்துகொண்டிருந்தது. மல்லிகா எழவில்லை, கீதாவும் எழவில்லை. இலை எடுக்க வந்தவர், "ஆச்சாம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருப்பா" என்றேன். "எங்காளு ஒருத்தி இன்னும் முடிக்கல."