புகையிலைக்குப் பதம் பார்த்தவள்

தெருவில் அவளைக் காஜாக்காரம்மா என்றுதான் தெரியும். தையற்கடைகளிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும். சன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் துளைகளை ஒவ்வொன்றாக நூலால் சுற்றிக் கட்டிக் கொடுப்பாள். ஓர் இழை பிசகினாலும் கண்ணுக்கு முந்தி விரல் சொல்லிவிடும். அந்த விரல்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

அவள் கணவர், பைப்பில் அடைத்துப் புகைக்கும் புகையிலை விற்கும் கடையில், காய்ந்துபோன புகையிலைக்கு ஈரம் ஏற்றுகிறவர். டப்பாவைச் சரியாக மூடாமல் சருகாக்கிக் கொண்டுவருவார்கள் வாடிக்கையாளர்கள். அவசரக்காரன் என்றால் தண்ணீரைத் தெளித்துக் கெடுத்துவிடுவான். இவர் புகையிலையை அகலமான பீங்கான் கிண்ணத்தில் உதிர்த்துப் பரப்புவார். காய்ச்சி ஆறிய நீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டுவார். துணி இலையைத் தொடக் கூடாது. அவ்வப்போது கிளறி, ஒரு சிட்டிகை எடுத்துக் கிள்ளிப் பார்க்க வேண்டும். நொறுங்கினால் ஈரம் போதாது. கட்டியாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, டப்பாவுக்குள் பூசணம் பூத்துவிடும். விரலை விட்டதும் சோம்பல் முறிப்பதுபோல மெல்லப் பிரிந்தால் அதுதான் பதம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் அவருடைய விரல்நுனிகள் மரத்துப்போயின. அவளுடைய ஊசி ஒன்று அவர் கட்டைவிரலில் ஏறி நிற்க, அதோடேயே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

“கடையில சூடு அதிகம், வீட்டுப் பின்னறைதான் குளிர்ச்சி” என்று முதலாளியிடம் சொல்லிக் கிண்ணங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் கடைக்குப் போனதும் காஜாவுக்கு நடுவே அவள் எழுந்து போய்க் கிளறுவாள், கிள்ளுவாள். அவர் வந்ததும், “ஆச்சு, மூடுங்க” என்பாள். அவர் மூடுவார். ஒரு நாளும் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை.

“சர்க்கரை உடம்பெல்லாம் ஏறிடுச்சு, இந்த வாய்ல மட்டும் ஏறல” என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

ஒரு காலையில் முதலாளியே பதினோரு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் அண்ணன் இறந்து, அவர் விட்டுப்போன புகையிலை அது. இனி கிடைக்காத ரகம்.

“அண்ணே, உங்களை நம்பித்தான் வாங்கிட்டு வந்திருக்கேன். இந்த விரல் இல்லன்னா நம்ம கடையே இல்ல. என்ன அண்ணி, நான் சொல்றது?”

டீயோடு நின்றிருந்தவள் கணவரைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுவார் என்று நினைத்தாள்.

“அவளுக்கு என்ன தெரியும்? புகையிலை வாடையே ஆகாது. அந்த அறைப் பக்கம்கூட வரமாட்டா” என்றார் அவர்.

முதலாளி போனபின், கிண்ணங்களைக் கட்டிவைத்துவிட்டு, “மத்தியானம் ஒரு தடவை பாத்துடு” என்றார்.

“எனக்குத்தான் வாடை ஆகாதே.”

“விளையாடாத.”

“விளையாடலங்க. உங்க விரல்தானே கடை? நீங்களே பாருங்க.”

இரண்டு நாள் அவள் காஜாவைவிட்டு எழவில்லை. இன்னொரு தரம் கேட்டிருந்தால் எழுந்திருப்பாள். அவர் கேட்கவில்லை. கிள்ளுவதும், கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பதும், காதருகே நசுக்கிக் கேட்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் பதினொன்றையும் மூடிக்கொண்டு போனார். ஈரம் மிஞ்சியிருந்தது அவள் மூக்குக்கே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரத்தில் எல்லா டப்பாவிலும் வெள்ளைப் பூசணம். வாடிக்கையாளர் மேசைமேல் திறந்து காட்டிவிட்டு, அப்படியே விட்டுப் போனாராம். மத்தியானமே வீடு திரும்பிய கணவர் சொன்னார்.

“முதலாளி நாளையிலேர்ந்து வர வேண்டாம்னுட்டான்.”

“எப்படி ஆச்சுன்னு கேக்கலியா?”

“கேட்டான். வேற யாராவது கை வெச்சாங்களான்னும் கேட்டான்.”

“என்ன சொன்னீங்க?”

“நான்தான்னேன். அன்னிக்கும் நான்தான், இன்னிக்கும் நான்தான்னேன்.”

ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். மூடிய அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது அவளுக்கும் உறுத்தியது. ஆனால் கேட்டது வேறு.

“இத்தனை வருஷமா பாத்தது இவதான்னு சொல்லியிருந்தா வேலை போயிருக்காதுல்ல?”

“போயிருக்காது” என்றார். மறைக்கவில்லை. “ஆனா அது உன் வேலையா ஆயிருக்கும்.”

வேலை போவதா, அவள் பெயரைச் சொல்வதா என்று வந்தபோது, அவர் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

“நல்லது. இப்ப ரெண்டு பேருக்குமே இல்ல.”

மறுநாளிலிருந்து அவர் பகலெல்லாம் வீட்டில்தான் இருந்தார். போக இடமில்லாமல் சன்னலடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவள் மடியிலிருந்த சட்டைமேல் அவர் நிழல் விழுந்தது.

“வெளிச்சத்தை மறைக்காம தள்ளி உக்காருங்க” என்றாள், தலை நிமிராமலே.