‘லைனு கீது!’

2005-ம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் மனை வாங்கி வீடு கட்டி, நாங்கள் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு என் வாயாலேயே என் வீட்டுக்காரரைக் கொன்றிருப்பேன்.

அப்போது நான் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங் வேலை செய்துகொண்டிருந்தேன். சென்னையில் ஒரு அச்சகத்திலிருந்து கையெழுத்துப் பிரதிகள் வரும். அடித்து மெயிலில் அனுப்ப வேண்டும். எங்கள் பக்கம் டெலிபோன் கேபிள் இழுக்கவில்லை என்பதால் கம்பியில்லா இணைப்புதான் கிடைத்தது. மொட்டை மாடியில் ஒரு சின்ன ஆன்டெனா, தூரத்து டவரைப் பார்த்தபடி நிற்கும். அதிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக இறங்கி, ஹாலில் இருக்கும் பெட்டியில் சேரும். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் லைன் இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால் போச்சு.

அந்த ஆடி பூராவும் சிவப்புதான். பத்து நிமிஷம் பச்சை எரியும், மெயில் பாதி போகும்போது அணைந்துவிடும். தூறல் போட்டால் கேட்கவே வேண்டாம். பெட்டியை நிறுத்திப் போட்டேன், பிளக்கைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன், கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால், அடுத்த வாரம் ஆள் வருவார் என்றார்கள். அச்சகத்துக்காரரோ வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த ஆத்திரத்தை எல்லாம் வீட்டுக்காரர் மேல் கொட்டினேன். இரும்பு மில்லில் கிரேன் ஓட்டுகிற ஆளுக்கு ஒரு ஆன்டெனாவை நேராக நிறுத்தத் துப்பில்லையா என்று கேட்டுவிட்டேன். மனுஷனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஆன்டெனா எம்மாத்திரம், அதுதான் திரும்பிப்போயிருக்கிறது, உயரமும் பத்தவில்லை என்று அவராகவே முடிவு கட்டினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபதடி இரும்பு பைப் ஒன்று மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது.

எங்கள் வீட்டு மேற்குச் சுவரை ஒட்டினாற்போல், தொழிற்சாலைகளுக்குப் போகிற பெரிய மின்சாரக் கம்பி போகும். மழை நாளில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம்கூட வரும். தினமும் பார்த்துப் பார்த்து அது எங்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. டவரும் அதே மேற்குப் பக்கம்தான்.

சாப்பாடு முடிந்து அவர் மாடிக்குப் போனார். வானம் மூடி, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பைப்பின் நுனியில் ஆன்டெனாவைக் கட்டி, அடிப்பக்கத்தைக் கைப்பிடிச் சுவர் மூலையில் முட்டுக்கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி நிறுத்தினார். நான் ஹாலில் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘வந்துச்சு’, ‘போச்சு’, ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டிருந்தேன். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கைத்தான்.

கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது.

“லைனு கீது! லைனு கீது!”

அவர்தான் மேலிருந்து ‘லைன் இருக்கிறதா’ என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு. எரிச்சலோடு கத்தினேன்.

“இல்லீங்க! இன்னும் கொஞ்சம் அந்தாண்ட சாச்சிப் புடிங்க!”

மறுபடியும் அந்தக் குரல், இன்னும் பலமாக. மறுபடியும் நான், இன்னும் கொஞ்சம் என்றேன். மேலே அவருக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. பச்சை விளக்கு வரப்போகிறது, நான்தான் யாரையோ விட்டுச் சொல்லச் சொல்கிறேன் என்று அவர் நினைத்தாராம். நான் சொன்னபடியே சாய்த்திருக்கிறார்.

தடாலென்று கேட் திறந்தது. முன்பின் பார்த்திராத ஒரு பாய், தலையில் தொப்பி, நனைந்த சட்டை, செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்து எங்கள் மாடிப்படியில் ஏறினார். திருடனா, சண்டைக்கு வந்தவனா ஒன்றும் புரியாமல், யாருங்க, யாருங்க என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன்.

மாடியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பைப் மேற்கே சாய்ந்திருந்தது. அதன் நுனிக்கும் அந்த மின்சாரக் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. என் வீட்டுக்காரர் ஈரத் தரையில் நின்று, அந்த இரும்பைக் குழந்தையை அணைத்த மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆன்டெனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ‘ம்ம்ம்’ சத்தம் எனக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே காதில் விழுந்தது.

அலற வாயைத் திறந்தேன். பாய் திரும்பிப் பார்க்காமலே, சும்மா இரு என்று கையைக் காட்டினார். அவர் என் வீட்டுக்காரரைத் தொடவும் இல்லை, கிட்டப் போகவும் இல்லை. நான்கு அடி தள்ளி நின்று, தூங்கும் பிள்ளையை எழுப்புகிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

“தம்பி, அசையாத. கரண்டு கம்பி தலைக்கு மேலயே கீது. என் பக்கமா, மெல்ல சாச்சிக்கினு வா.”

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். பைப்பை ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம் என்று இழுத்தார். அப்போது பார்த்து ஒரு காற்று வந்தது. பைப் நுனி ஆடியது, கம்பிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. முருகா, என் தாலியை எடுத்துக்கொள்ளாதே என்று மட்டும்தான் எனக்குள் ஓடியது. பைப் முழுசாகக் கிழக்கே வந்து தரையில் படுத்த பிறகு, வீட்டுக்காரர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாய் பழவேற்காட்டுக்காரர். மொபெட்டில் லுங்கி, நைட்டி மூட்டை வைத்து ஊர் ஊராக விற்கிறவர். தெருவில் போகும்போது பைப்பைப் பார்த்திருக்கிறார். மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்ததில் துணி மூட்டை சேற்றில் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“லைனு கீது, லைனு கீதுன்னு எத்தினி தபா கத்தினேன். நீ இன்னாடான்னா இன்னும் சாய்க்கச் சொல்ற. இன்னா தங்கச்சி இது?”

அவர் சொன்ன லைன் வேறு, நான் பார்த்துக்கொண்டிருந்த லைன் வேறு. ஓவென்று அழுதேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, துணி மூட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. மில்லில் கீழே நின்று ஜாடை காட்டுகிறவன் கொக்கியையும் பார்ப்பான், சுற்றுமுற்றும் பார்ப்பான். அவனை நம்பித்தான் கிரேனையே அசைப்போம் என்று மட்டும் சொன்னார். என்னை அவர் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்தார். ஆன்டெனாவைப் பழைய இடத்திலேயே வைத்து, ஒயரைத் தடவிக்கொண்டே வந்து ஒரு இணைப்பைப் பிரித்தார். உள்ளே மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அறுத்துவிட்டு வேறு மாட்டி, மேலே டேப் சுற்றினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டவருக்கு உயரமெல்லாம் போதும்மா, பைப் எதுக்கு வாங்கினீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்து அறையில் ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைத்தால்கூட, வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய் நிற்கிறேன். என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கிற ஒருவரிடம் ‘இன்னும் கொஞ்சம்’ என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு எழவில்லை.